அன்பின் இரு இலக்கணங்கள்: ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' - ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

மணவாழ்வில் எழும் கருத்து வேறுபாடு தமிழ்ப் புனைகதைக்குப் புதிய பொருளன்று. படித்த மனைவியும் படிக்காத கணவனும், நகரத்து மருமகளும் கிராமத்து மாமியாரும், அயல்நாடு சென்று திரும்பிய மகனும் ஊரைவிட்டு அகலாத தந்தையும் எனப் பல வடிவங்களில் இது எழுதப்பட்டுள்ளது. இவற்றுள் பெரும்பாலானவற்றில் நியாயம் எவர் பக்கம் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். வாசகரும் அதனை எளிதில் கண்டுகொள்கிறார். 1970களின் தொடக்கத்தில் ஜெயகாந்தன் (1934-2015) எழுதிய 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' இவ்வரிசையில் அடங்க மறுக்கும் நாவலாகும். இதில் கொடுமை செய்பவர் எவருமிலர். துரோகம் இழைப்பவரும் இலர். ஒருவரையொருவர் விரும்பி மணந்துகொண்ட இருவர், அன்பு என்றால் என்ன என்ற ஒரே வினாவிற்கு வெவ்வேறு விடைகளைக் கொண்டிருந்தமையால் பிரிகின்றனர்.

பினாங்கில் தமிழாசிரியர்களுடனும் மாணவர்களுடனும் இந்நாவலை நாம் பல ஆண்டுகளாகப் படித்து வந்துள்ளோம். கல்யாணி, ரங்கா ஆகியோரின் பாத்திரப் படைப்பைப் பற்றி எழுதுமாறு கூறினால், ஏறத்தாழ ஒரே விடைதான் வந்து சேருகிறது. கல்யாணி புதுமைப்பெண், ரங்கா பழமைவாதி, புதுமைக்கும் பழமைக்கும் இடையிலான மோதலே நாவல். விடை சுருக்கமாக இருக்கிறது. மதிப்பெண் இடுவதற்கும் வசதியாக இருக்கிறது. ஆயின் நாவலை மறுமுறை பொறுமையாகப் படிக்கும்போது இவ்விடை நிலைபெறுவதில்லை. இருவருள் எவர் நவீன வாழ்வின் பக்கம் நிற்கிறார் என்ற வினாவையே மீண்டும் எழுப்ப வேண்டியிருக்கிறது. அதனை எழுப்புவதும், நாவலின் முடிவு அவ்வினாவை எவ்வாறு கையாள்கிறது என்பதை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையின் போக்கு

கல்யாணி நாடக நடிகை. மேடையே அவளது தொழில். அதுவே அவளது மகிழ்ச்சியும் ஆகும். தன் உழைப்பில் வாழ்பவள்; தனக்கென ஒரு வீடும், அதில் தான் விரும்பி வளர்க்கும் ரோஜாச் செடிகளும் உடையவள். ரங்கா பத்திரிகையாளன், நாடகங்களைப் பற்றி எழுதுபவன், மனைவியை இழந்தவன், ஒரு பெண்குழந்தையின் தந்தை. அவனது விமர்சன மனமும் அவளது கலைமனமும் ஒன்றையொன்று மதிக்கின்றன. மதிப்பு நட்பாகிக் காதலாகித் திருமணத்தில் முடிகிறது.

சிக்கல் திருமணத்திற்குப் பின்னரே தொடங்குகிறது. கல்யாணி அவனை விரும்புகிறாள். அவனுடன் மகிழ்ச்சியாக இருக்கிறாள். ஆனால் அவனின்றி வாழ முடியாது என அவளால் சொல்ல இயலவில்லை. அவ்வாறு சொல்வது அவளைப் பொறுத்தவரை பொய்யாகும். ரங்காவுக்கோ அந்தச் சொல்லே அன்பின் சான்று. அது கிடைக்காதபோது தான் நேசிக்கப்படவில்லை என்று முடிவு செய்கிறான். மணமுறிவை அவன் முன்மொழிகிறான். அவளோ அதனை எதிர்க்காமல், அவன் விருப்பம் அதுவாயின் தனக்கும் சம்மதமே என்கிறாள். பெருந்தன்மையான அந்தச் சம்மதமே அவனை மிகுதியும் காயப்படுத்துகிறது. நாவலின் மிக நுட்பமான இடம் இதுவே எனலாம். அவள் மறுத்து அழுதிருப்பாளேயானால் அவன் மணமுறிவைக் கேட்டிருக்கவே மாட்டான்.

இருவரும் பிரிந்து வாழ்கின்றனர், பகைமை இல்லை. பின்னர்க் கல்யாணி நோய்வாய்ப்பட்டு நடக்கும் ஆற்றலை இழக்கிறாள். ரங்கா திரும்பி வந்து அவளுக்குத் துணையாகிறான்.

புதுமை எவர் பக்கம்?

கல்யாணியைப் புதுமைப்பெண் என்று கூறுவோர் மூன்று காரணங்களைக் காட்டுவர். அவள் பொருளாதாரச் சுதந்திரம் உடையவள், தொழிலை விட்டுக்கொடாதவள், மணமுறிவைக் கண்டு அஞ்சாதவள். இம்மூன்றும் உண்மையே. எனினும் இவை அவளது புறவாழ்வைப் பற்றியவை. இருவருக்கும் இடையிலான பிணக்கு புறவாழ்வைப் பற்றியதன்று. அவள் நடிப்பதைக் கைவிட வேண்டும் என்பது ரங்காவின் வழக்கு அல்ல. அவனது வழக்கு முழுவதும் அவளது உள்ளத்தைப் பற்றியது.

உள்ளத்தின் தளத்தில் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் முழு உலகமாக இருக்க வேண்டும், அன்பு இடைவிடாமல் சொல்லப்பட வேண்டும், அவ்வாறு சொல்லப்படாத மணவாழ்வு வெறுமையானது என்பவை ரங்காவின் எதிர்பார்ப்புகள். இவை நம் பாட்டன்மாரின் எதிர்பார்ப்புகள் அல்ல. உறவுக்குள் மணம் பேசி முடித்த அக்காலத்துக் கணவன், மனைவியிடம் கடமையையும் பணிவையும் எதிர்பார்த்தான். அவள் தன்மீது காதல் வயப்பட்டிருக்கிறாளா என்று வினவியதில்லை. மணவாழ்வின் மையத்தில் காதலை வைப்பது, தமிழ்ச் சமூகத்தில் இருபதாம் நூற்றாண்டின் நாவலும் திரைப்படமும் பரவலாக்கிய பார்வை. இவ்வகையில் ரங்காவே நவீன காலத்தின் பிள்ளை. அவன் பழமையைக் கேட்கவில்லை. புதுமை தனக்கு வாக்களித்ததைக் கேட்கிறான்.

மறுபுறம் கல்யாணியின் நிலைப்பாட்டை நோக்குவோம். விரும்புவது வேறு, பற்றிக்கொள்வது வேறு என்கிறது அவள் வாழ்வு. நிகழ்வதைக் கலங்காமல் பார்த்திருத்தல் அவளது இயல்பு. நாவலின் தலைப்பே இதனைச் சுட்டுகிறது. மேடையில் நடிப்பவள் தன் வாழ்வை ஒரு நாடகமாகப் பார்க்கும் பார்வையாளராகவும் இருக்கிறாள். ஆட்டத்தில் இருந்துகொண்டே ஆட்டத்தைச் சாட்சியாக நோக்கும் இந்த மனநிலைக்கு இந்திய மெய்யியல் மரபில் நீண்ட வரலாறு உண்டு. பற்றின்மையைத் துறவிக்குரியதாகக் கொண்ட மரபிலிருந்து அதனை எடுத்து, இல்லறத்திலிருக்கும் ஒரு பெண்ணிடம் ஜெயகாந்தன் அளித்துள்ளார். ஆணிடம் இக்குணம் இருந்தால் ஞானம் எனப் போற்றும் சமூகம், மனைவியிடம் இருக்கக் கண்டதும் அன்பின்மை என்கிறது. நாவல் எழுப்பும் கூர்மையான சமூக விமர்சனம் இதுவேயாம்.

இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நாடகத்தின் நோராவுடன் கல்யாணியை ஒப்பிடும் வழக்கம் உண்டு. ஒப்புமை ஓரளவே பொருந்தும். நோராவுக்குத் தன் கணவன் யார் என்பது ஒரு நெருக்கடியில் புலப்படுகிறது, அவள் ஏமாற்றப்பட்டவள், ஆதலால் வெளியேறுகிறாள். கல்யாணி ஏமாற்றப்படவில்லை. வெளியேறுபவன் கணவனே. நோராவின் கதவு மூடும் ஓசையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஜெயகாந்தனின் நாவலில் எந்தக் கதவும் ஓங்கிச் சாத்தப்படுவதில்லை.

ஊடலை நாடும் கணவன்

ரங்காவின் ஏக்கத்தைத் தமிழ் அகமரபின் துணைகொண்டும் விளக்கலாம். மருதத்திணையின் உரிப்பொருள் ஊடலும் ஊடல் நிமித்தமும். திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை எனச் சிறு சினத்தின் இனிமையையே பாடுகின்றன. ஊடலுக்கு அடிப்படை உரிமை. 'நீ எனக்குரியவன்' என்னும் எண்ணம் இல்லாத இடத்தில் ஊடல் பிறக்க வழியில்லை. கல்யாணி உரிமை கோராதவள். எனவே அவளிடம் ஊடல் இல்லை. ரங்கா வேறொரு பெண்ணை நாடினாலும் அவள் சினம் கொள்ளமாட்டாள் என்ற எண்ணமே அவனைத் துன்புறுத்துகிறது. அவன் தேடுவது சண்டையை. அவளோ அமைதியைத் தருகிறாள்.

இங்கு ரங்காவின் பக்கத்து நியாயத்தையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். தான் தேவைப்படுகிறோம் என்பதை அறியாமல் ஒருவரோடு வாழ்வது எளிதன்று. அவன் கேட்பது அடிமைத்தனம் அல்ல. தன் இருப்பு அவளுக்கு ஒரு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கான அடையாளம். வகுப்பறைகளில் அவனைப் பழமைவாதி என ஒரே சொல்லில் ஒதுக்கும்போது, இவ்வேண்டுகோளின் மனிதத்தன்மையை நாம் இழந்துவிடுகிறோம். அவ்வாறே கல்யாணியைப் புதுமைப்பெண் என்ற சட்டகத்தில் மாட்டும்போது, பொய் சொல்ல மறுக்கும் அவளது நேர்மைக்கு அவள் கொடுக்கும் விலை நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

சட்டத்தின் முன் இருவர்

நாவலில் வழக்கறிஞரை நாடும் பகுதி நகைச்சுவைச் சாயல் உடையது போல் தோன்றினாலும் மிக முக்கியமானதாகும். மணமுறிவுக்குக் காரணம் என்ன என்று சட்டம் கேட்கிறது. இவர்களிடம் சட்டம் ஏற்கும் காரணம் ஏதுமில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், அந்நாளில் மணமுறிவைப் பெரிதும் குற்றத்தின் அடிப்படையிலேயே வழங்கியது. ஒருவர் மற்றவர்மீது குற்றம் சாட்ட வேண்டும். அதனை மெய்ப்பிக்கவும் வேண்டும். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான 13ஆ பிரிவு 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே இந்நாவல் எழுதப்பட்ட காலத்தில், ஒருவரையொருவர் மதிக்கும் இருவர் நாகரிகமாகப் பிரிய விரும்பினால், நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் இழிவுபடுத்தியாக வேண்டும் என்ற நிலை இருந்தது.

இவ்வரலாற்றை அறியாத இன்றைய மாணவர் அப்பகுதியை வெறும் உரையாடலாகக் கடந்துவிடுகிறார். உண்மையில் சட்டம் பின்னர்ச் சந்திக்கவேண்டியிருந்த ஒரு வினாவைப் புனைகதை முன்கூட்டியே எழுப்பியுள்ளது. மீட்க இயலாதவாறு முறிந்த மணம் என்பதை இந்தியச் சட்டம் இன்றும் தனியொரு காரணமாக எழுத்தில் ஏற்கவில்லை. 2023இல்தான் இந்திய உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, 142ஆம் உறுப்பின்கீழ்த் தனக்குள்ள அதிகாரத்தால் அத்தகைய மணத்தைக் கலைக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. கல்யாணியும் ரங்காவும் வழக்கறிஞரின் முன் அமர்ந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அவ்வினா முற்றாக முடிந்துவிடவில்லை.

பினாங்கிலிருந்து படித்தல்

இந்நாவலை ஜார்ஜ்டவுனில் அமர்ந்து படிக்கும்போது வேறு சில ஒளிகள் அதன்மீது விழுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த கப்பல்களுக்குப் பினாங்கே முதல் துறைமுகங்களுள் ஒன்று. ஆட்களோடும் சரக்குகளோடும் இதழ்களும் கருத்துகளும் இங்கு வந்திறங்கின. 1929 டிசம்பரில் தந்தை பெரியார் நாகம்மையாருடன் பினாங்கில் வந்திறங்கினார். திருமணம் சடங்கா, இரு மனிதர்களின் உடன்பாடா என்ற விவாதம் அவ்வியக்கத்தோடு இம்மண்ணிலும் வலுப்பெற்றது. சுயமரியாதைத் திருமணத்திற்குத் தமிழ்நாட்டில் சட்ட ஏற்பு அளிக்கும் திருத்தம் 1967இல் அண்ணா தலைமையிலான ஆட்சியில் நிறைவேறியது.

மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணமுறிவு) சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இசுலாமியர் நீங்கலான குடிமக்களுக்கு ஒருதார மணத்தையும் பதிவையும் அது கட்டாயமாக்கியது. மணமாகி ஈராண்டுகள் கடந்த பின்னர் இருவரும் இணைந்து மனுச்செய்து பிரியவும் அதன் 52ஆம் பிரிவு வழிவகுத்தது. இந்தியத் திருத்தமும் மலேசியச் சட்டமும் ஒரே ஆண்டில் இயற்றப்பட்டமை கருதத்தக்கது. இன்று குவீன் வீதி மகா மாரியம்மன் ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களில் நடமாடும் இளந்தம்பதியர், கல்யாணியும் ரங்காவும் பெற்றிராத சட்ட வசதியைப் பெற்றுள்ளனர்.

எனினும் சட்டம் வழிவிட்டமையால் சிக்கல் தீர்ந்துவிட்டதா? நம் மாணவருள் ஒருவர் ஒருமுறை வகுப்பில் கேட்டார்: 'காரணம் சொல்லாமல் பிரியலாம் என்றால், காரணம் என்னவென்று அவர்களே அறிந்துகொள்வது எப்படி?' அவ்வினாவுக்கு அன்று நம்மால் நல்ல விடையளிக்க இயலவில்லை. சட்டம் காரணம் கேட்டதால் கல்யாணியும் ரங்காவும் தங்கள் வேறுபாட்டைச் சொல்லிப் பார்க்க வேண்டியதாயிற்று. இன்று அக்கட்டாயம் இல்லை. ஆதலால் அவ்வுரையாடலை நிகழ்த்தும் இடமாக இலக்கிய வகுப்பு எஞ்சி நிற்கிறது. ஆசிரியர் அங்கும் 'புதுமை', 'பழமை' என இரு பெயர்ப்பலகைகளை மாட்டி உரையாடலை முடித்துவிட்டால், மாணவர் தம் வாழ்விலும் எதிரே இருப்பவருக்கு அதே பலகையை மாட்டக் கற்றுக்கொள்வர்.

இந்நாட்டுத் தமிழ் நாவலாசிரியர்களும் இப்பொருளைத் தொடாமல் இல்லை. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய ரெ. கார்த்திகேசு (1940-2016), தம் நாவல் ஒன்றுக்குக் 'காதலினால் அல்ல' எனப் பெயரிட்டார். படித்த நடுத்தர வர்க்கத்தின் மணவாழ்வையும் மனப்போராட்டத்தையும் தம் களமாகக் கொண்ட அவருடைய எழுத்தை ஜெயகாந்தனின் இந்நாவலோடு ஒப்பிட்டு ஆராய்வது இளம் ஆய்வாளர்க்குரிய நல்ல பொருளாகும்.

முடிவின் சிக்கல்

இதுகாறும் நாவலின் வலிமையைக் கண்டோம். இனி அதன் முடிவைப் பற்றி நமக்குள்ள தயக்கத்தைக் கூறவேண்டும். கல்யாணி நடக்கவியலாதவளாகிறாள், ரங்கா திரும்புகிறான். இம்முடிவை இரு விதமாகப் படிக்கலாம். ரங்காவின் கருத்து வென்றது, துணையின்றி வாழ இயலாது என்பதைக் கல்யாணி உணர்ந்தாள் என்பது ஒன்று. கல்யாணியின் கருத்து வென்றது, சொல்லால் கேட்டுக்கொண்டிருந்த ரங்கா, எதனையும் எதிர்பாராத செயலாக அன்பைக் கற்றுக்கொண்டான் என்பது மற்றொன்று. இரண்டாவது வாசிப்பே நாவலின் ஆழத்திற்குப் பொருந்துவதாக நாம் கருதுகிறோம். உரிமை கோரிப் பெறமுடியாததை, உரிமையைக் கைவிட்டுப் பணி செய்யும்போது அவன் அடைகிறான். அவளும் பிறர் உதவியை ஏற்பது தன் சுதந்திரத்திற்கு இழுக்கன்று எனக் காண்கிறாள்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இம்மாற்றத்திற்கு நோய் எதற்காக? அமெரிக்க மெய்யியலாளர் ஸ்டான்லி கேவல் 1981இல் வெளியிட்ட நூலொன்றில், 1930களிலும் 1940களிலும் வெளிவந்த ஏழு ஹாலிவுட் நகைச்சுவைத் திரைப்படங்களை ஆராய்ந்தார். பிரிந்த அல்லது பிரியவிருந்த தம்பதியர் மீண்டும் இணைவதை மையமாகக் கொண்ட அவற்றை 'மறுமணக் கதைகள்' என வகைப்படுத்தினார். அக்கதைகளில் தம்பதியரை மீண்டும் இணைப்பது உரையாடலே. பேசிப்பேசி ஒருவரையொருவர் புதிதாக அறிந்து அவர்கள் மறுபடியும் மனமொப்புகின்றனர். ஜெயகாந்தனின் பாத்திரங்களும் சளைக்காமல் பேசுகிறவர்களே. ஆயினும் இறுதியில் அவர்களை இணைப்பது பேச்சு அன்று, நோய். இருவருக்கும் இடையில் சமநிலையில் நடைபெற்ற விவாதம் முடிவடையும் முன்னரே, ஒருவர் படுக்கையிலும் மற்றவர் அருகிலுமாக நிலை மாறிவிடுகிறது. கட்டிலில் கிடப்பவருடன் எவர் வாதம் செய்வார்?

நோய் பெண்ணுக்கே வருவதும் எண்ணத்தக்கது. 'அக்கினிப் பிரவேசம்' (1966) சிறுகதையில் மகளைத் தண்டிக்க மறுத்த தாயைப் படைத்தவர் ஜெயகாந்தன். அச்சிறுகதையை மாற்று முடிவோடு தொடர்ந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக எழுதினார். அதன் கங்காவின் வாழ்வு பின்னர்க் 'கங்கை எங்கே போகிறாள்' நாவலில் கங்கையாற்றிலேயே முடிவெய்துகிறது. சுதந்திரமாகச் சிந்திக்கும் பெண்ணைப் படைக்கும் துணிவு அவருக்கு இருந்தது. அவளை நலமாக வாழவிட்டு நாவலை முடிக்கும் துணிவு எப்போதும் இருக்கவில்லை. இது அவர் ஒருவருக்கே உரிய குறையன்று. அக்காலத் தமிழ்ப் புனைகதை முழுவதிலும் காணப்படும் தயக்கமாகும். ஆயின் ஜெயகாந்தனை நாம் உயரிய அளவுகோலால் அளக்கக் கடமைப்பட்டுள்ளோம். அவ்வளவுகோலை நமக்குத் தந்தவரும் அவரே.

1978இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்து இந்நாவல் திரைப்படமாயிற்று. நாவலை வாசித்த பின்னர்த் திரைப்படத்தைக் காட்டி, கல்யாணி நோயுறாமலே ரங்கா திரும்பியிருந்தால் முதல் உரையாடல் எவ்வாறு அமைந்திருக்கும் என மாணவரை எழுதச் சொல்லலாம். நாம் இப்பயிற்சியை அளித்தபோது பெரும்பாலோர் ரங்காவை மன்னிப்புக் கேட்க வைத்தனர். சிலர் கல்யாணியை அழ வைத்தனர். இரண்டும் நாவலுக்கு வெளியிலிருந்து வந்தவை. ஒரே ஒருவர் மட்டும் ரங்கா தோட்டத்தில் நின்று ரோஜாச் செடிகளைப் பற்றி விசாரிப்பதாகவும், கல்யாணி அவனுக்குக் காப்பி கொண்டுவருவதாகவும் எழுதினார். அப்பக்கத்தில் அன்பு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நாவலை நன்கு படித்தவர் அவரே என நாம் மதிப்பெண் இட்டோம்.

முடிவுரை

நவீன வாழ்வைப் பற்றி எதிரெதிர்க் கருத்துடைய இருவரின் காதல் கதையாக இந்நாவல் பேசப்பட்டு வந்துள்ளது. நாம் கண்டவரை, இருவருமே நவீனர். இருவரிடமும் மரபு உண்டு. ரங்காவின் காதல் வேட்கையில் நாவலும் திரைப்படமும் தந்த புதுமையும் அகமரபின் ஊடல் ஏக்கமும் கலந்துள்ளன. கல்யாணியின் சுதந்திரத்தில் உழைக்கும் பெண்ணின் தற்காலத் தன்மையும் பற்றின்மையின் தொன்மையும் கலந்துள்ளன. ஆகவே பழமை, புதுமை என்னும் எதிர்மறை இந்நாவலைத் திறக்கும் திறவுகோல் அன்று. அன்பு என்பது தேவையா, விருப்பமா என்பதே இருவருக்கும் இடையிலான வழக்கு. நாவலின் முடிவு அவ்வழக்கை நோயின் துணைகொண்டு தள்ளி வைக்கிறதேயன்றித் தீர்த்து வைக்கவில்லை.

தீர்க்கப்படாத வழக்கை வகுப்பறையில் நாம் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. இரு தரப்பையும் அவரவர் சொற்களில் எடுத்துரைக்க மாணவரைப் பழக்கினால் போதுமானது. தாம் உடன்படாத ஒருவரின் நியாயத்தைத் தம் வாயால் முழுமையாகச் சொல்லத் தெரிந்த மாணவர், இலக்கியத் தேர்வில் மட்டுமன்றி, பின்னாளில் தம் இல்லத்திலும் அக்கல்வியின் பயனை அடைவர்.